சந்தனமாரியின் பெருவிரல்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் மிச்சமிருக்கும் என் மூன்று பற்களும் இன்றே உதிரட்டும். சந்தனமாரி அரிசிக்காக ரேஷன் கடைக்கு வந்தது அது ஐந்தாவது தடவை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அழிந்த அவள் பெருவிரல் ரேகை, முந்தைய நான்கு தடவையும் மெஷினில் விழவில்லை. "இன்னைக்கும் விழலைன்னா கார்டுல ஒங்க பேர அடிச்சிருவாங்கக்கா," என்றான் கடைக்காரன், பல் குத்திக்கொண்டே. அவளுக்குக் காது சுட்டது, தாடை இறுகியது, வலது கை பெருவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டது. பிறகு திறக்கவே இல்லை. நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற நான்கு பேர் அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினார்கள். ஒருவர் அந்த மூடிய கைமுட்டியில் தேங்காயே உடைத்தார், தேங்காய்தான் சரிபாதியாகப் பிளந்தது.

"கோவத்த விடுங்கக்கா, கை தானா விரியும்," என்றான் கடைக்காரன்.

"நான் எப்பவோ விட்டுட்டேன் தம்பி. அதுதான் என்னைய விடமாட்டேங்கு."

கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான். அவள் மூடிய கையை மெஷின் மேல் வைத்துக்கொண்டு, விரலிடுக்கில் வாயை வைத்து, உள்ளே இருந்த பெருவிரலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்: "வா சாமி... ஒருவாட்டி வந்துட்டுப் போயிரு."

இனி என் பற்களை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்: அந்தக் கடைக்கு ரேகை மெஷின் இதுவரை வந்ததே இல்லை.