சீழ் இல்லை

ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே டாக்டர் பன்னீர்செல்வம் சொல்லிவிட்டார். முட்டிக்குள் சீழ் இருந்தால் இன்றைக்கே ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பி, முட்டியைத் திறந்து கழுவ வேண்டியிருக்கும்.

அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் விஜயகுமாரியின் காதில் ஏறவில்லை.

மகள் சந்திராவுக்கு ஏழு வயது. கேசுவாலிட்டி கட்டிலில் வலது காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் கிடந்தாள். முட்டி விளாம்பழம் போல வீங்கிச் சுட்டது. காய்ச்சல் நூற்று நான்கு. சாயங்காலம் மணி ஐந்தரை. அவள் அப்பா மருதாசலம் செகண்ட் ஷிப்டில் சுரங்கத்துக்குள் இருந்தான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்தான் சைக்கிள் கேரியரில் பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுப் போனார்.

"பயப்படாத பாப்பா, என் கையப் புடிச்சிக்கினு இரு" என்றாள் நர்ஸ் பெரியநாயகி.

விஜயகுமாரி கண்ணை இறுக மூடிக்கொண்டு மருதமலை முருகனைக் கூப்பிட்டாள். சீழ் மட்டும் வேண்டாம். தாயும் மகளும் வந்து மொட்டை போட்டுக்கொள்கிறோம்.

கண்ணைத் திறந்தபோது ஊசிக்குள் மஞ்சளாகத் தண்ணீர் ஏறியிருந்தது. டாக்டர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு லேபுக்குக் கொடுத்தனுப்பினார். முக்கால் மணி நேரத்தில் சீட்டு வந்தது.

"சீழ் இல்லம்மா. கிருமியும் தெரியல."

விஜயகுமாரி அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நிம்மதியில் வந்த அழுகை.

டாக்டரின் முகத்தில் நிம்மதி எதுவும் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சந்திராவின் கவுனை மெல்ல உயர்த்தினார். நெஞ்சிலும் வயிற்றிலும் திட்டுத்திட்டாக இளஞ்சிவப்பு.

"இது எப்பவும் இருக்குமா?"

"இல்லீங்க டாக்டர். பொங்கல் கழிஞ்சதுல இருந்து சாயங்காலமானா விட்டுவிட்டுக் காச்சல் வருதுங்க. காச்சல் வர்றப்ப இதுவும் வரும். விடிஞ்சா ரெண்டும் இருக்காதுங்க."

டாக்டர் சந்திராவின் மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். விரல் விரலாக மடக்கிப் பார்த்தார். கணுக்காலைத் திருப்பிப் பார்த்தார். எல்லா இடத்திலும் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைல எழுந்திருக்கும்போது கை கால் விறைச்சுப்போய் இருக்குமா? பத்து, பதினொரு மணிக்கு மேல சரியாயிடுமா?"

விஜயகுமாரி மகளின் வீங்கிய முட்டியைப் பார்த்தாள்.

தெரியும். அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

மூன்று மாதமாகப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் மட்டும் இந்தப் பிள்ளைக்குக் கால் வலித்தது. மதியத்துக்கு மேல் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க ஓடியாடித் திரிந்தது. ஒருநாள் மந்தாரக்குப்பத்துக் கம்பவுண்டரிடம் கூட்டிப் போனாள். போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. அவர் கடை வாசலில் பிள்ளை நொண்டி விளையாடியது. பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, வேறொன்றுமில்லை என்று அவர் சிரித்தார்.

அதன் பிறகு விஜயகுமாரி இரக்கம் காட்டவில்லை. தினமும் பாயிலிருந்து கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அப்படியும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகத்தான் போனது. வகுப்பு டீச்சரிடம் இவளேதான் போய்ச் சொன்னாள்: "முட்டி போட வையுங்க டீச்சர். ரெண்டு நாள் போட்டா இந்த நடிப்பெல்லாம் நின்னுரும்."

டீச்சர் முட்டி போட வைத்தாள். வராந்தா சிமெண்டுத் தரையில், முதல் பீரியட் முடியும் வரை.

"ஆமாங்க" என்றாள் விஜயகுமாரி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இது கொழந்தைங்களுக்கு வர்ற மூட்டுவாதம்மா."

"வாதமுங்களா? அது வயசானவங்களுக்கு வர்றதுங்களே?"

"கொழந்தைங்களுக்கும் வரும்." டாக்டர் சந்திராவின் கவுனை இறக்கிவிட்டார். "சீழா இருந்திருந்தா கழுவி, மருந்து குடுத்து, ரெண்டு மாசத்துல ஓட விட்டிருக்கலாம். இது அப்படிப் போகாது. சில பேருக்கு வளரும்போது அடங்கும். சில பேருக்கு மூட்டு மடங்கினபடியே நின்னுடும். இவளுக்கு எப்படின்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

ஆஸ்பிரின் எழுதினார். வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்றார். ராத்திரி தூங்கும்போது கால் மடங்காமல் இருக்க அட்டை வைத்துக் கட்டச் சொன்னார். கண் டாக்டரிடமும் காட்ட வேண்டும், இது கண்ணுக்குள்ளும் போகும் என்றார். வீங்கிய மூட்டின் மேல் பாரம் கொடுத்தால் அது சீக்கிரம் கெட்டுப்போகும் என்றார். விஜயகுமாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகிவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

"காலைல அவசரப்படுத்தாதீங்க. வெந்நீர்ல கை கால வச்சு, எவ்வளவு நேரமானாலும் அவளாவே எழுந்திருக்கட்டும். வலிக்குதுன்னு சொன்னா, வலிக்குதுன்னு எடுத்துக்கணும்."

ஊசி போட்டபோதுகூடச் சத்தம் போடாத சந்திரா, அப்போதுதான் தலையைத் திருப்பினாள். அம்மாவைப் பார்க்கவில்லை. டாக்டரையே பார்த்தாள்.

"டாக்டர், அப்போ எனக்கு நெசமாவே வலிச்சுதுங்களா?"