ஆறாவது விரல்

மூன்று பக்கமும் சன்னல் வைத்த கூடத்தில் காலை வெயில் பாய் விரித்ததுபோல் கிடக்கிறது. வீடு பார்க்க வந்த கணவனும் மனைவியும் நடந்தால் காலடிச் சத்தம் திரும்பி வரும் அளவுக்குக் கூடம் விசாலமாக இருக்கிறது. கீழே தெருவில் யாரோ வயலின் பழகுகிறார்கள். யாரோ புரியாத பாஷையில் காய் விலை கேட்டுச் சண்டை போடுகிறார்கள். தரகர் நடுச் சன்னலைத் தள்ளித் திறக்கிறார். எதிர்க் கட்டடத்தின் சுவரில் நான்கு மாடி உயரத்துக்கு வரைந்த ஒரு பெண், உள்ளங்கையில் குருவியை ஏந்தி நிற்கிறாள். "இந்தப் படத்துக்குத்தான் சார் இவ்வளவு வாடகை. தெரு முழுக்கக் கலைஞருங்க. அந்தக் கையப் பாருங்க, ஆறு விரல்! எவ்வளவு ஆழமா யோசிச்சிருக்காங்க!" மனைவி தன் கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருக்கும் நீலச் சாயத்தைச் சுரண்டுகிறாள். "நீங்க என்ன வேலைம்மா?" என்கிறார் தரகர் அவளிடம். "படம் வரையறேன்." தரகரின் முகம் சுருங்குகிறது. "தப்பா நெனைக்காதீங்க. படம் வரையறவங்களுக்கு ஓனர் வீடு தரமாட்டார். தரையப் பாழாக்கிடுவாங்களாம்." கணவன் எதிர்ச் சுவரைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். அவள் அவன் கையைப் பிடித்து அழுத்துகிறாள். "அந்த ஆறாவது விரல் யோசிச்சுப் போட்டதில்லங்க," என்கிறாள். "சாயங்காலமே சாரத்தப் பிரிக்கணும்னு அவசரப்படுத்தினாங்க. எண்ணிப் பாக்க எனக்கு நேரமில்ல." தரகர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறார். பிறகு சன்னலைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார். "இத வெளியில சொல்லிடாதீங்கம்மா. பதினோரு மணிக்கு வேற பார்ட்டி பாக்க வருது."