இடது பக்க ஃபோர்க்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சின்னக் கதைதான்; கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

நம் பனியன் ஊரில், ராயபுரத்தில் பழைய பைக் வாங்கி விற்கும் கடை ஒன்று. அதன் வாசலை அடைத்தாற்போல ஒரு பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டு, சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றாள் சித்ராதேவி. பக்கத்தில், அந்த வண்டியை இதே கடையில் வாங்கிய அன்புசெல்வி. இரண்டு பேருக்கும் ஒரே பனியன் கம்பெனி. சித்ராதேவி டெய்லர், அன்புசெல்வி செக்கிங்.

"இதைச் சரி பண்ணித் தராம வண்டி இங்கிருந்து நகராதுங்க" என்றாள் சித்ராதேவி.

கடைக்காரர் பழனிமுத்து நாற்காலியை விட்டு எழவில்லை. வண்டி கைமாறி ஒரு மாதம் ஆகிவிட்டது, விற்ற வண்டிக்குப் பொறுப்பில்லை என்று போர்டே மாட்டியிருக்கிறேன் என்றார். பெண்கள் கியர் வண்டி ஓட்டினால் முன்பிரேக்கைப் பிடித்துத் தொங்குவார்கள், அப்புறம் வண்டி குப்புறப் பாயாமல் என்ன செய்யும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்புசெல்விக்குக் கண் கலங்கிவிட்டது. போன வாரம் ஒரு வேகத்தடையில் அவள் பிரேக் போட்டபோது, வண்டியின் முன்பக்கம் பொதுக்கென்று அமிழ்ந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த மகளின் வாய் பெட்ரோல் டேங்கில் மோதி, இரண்டு பல் போயிற்று. நாளைக்கும் அதே பிள்ளையை அதே வண்டியில்தான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாக வேண்டும்.

"இவ ஓட்டறதுல ஒரு குறையும் இல்லீங்க. வந்து பாருங்க."

சித்ராதேவி முன்பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரைக் கீழே அழுத்தினாள். முன்பக்கம் தடையே இல்லாமல் இறங்கி, அடியில் டக்கென்று இடித்து, அதே வேகத்தில் மேலே துள்ளியது. முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாய்க்குள் எண்ணெய் இருந்தால் நிதானமாக இறங்கி நிதானமாக ஏறும், இதில் ஸ்பிரிங் மட்டும்தான் வேலை செய்கிறது என்றாள்.

"ஏனுங்க அம்மிணி, ஓவர்லாக் ஓட்டறவங்க எனக்கு ஃபோர்க் பாடம் எடுக்கறீங்களா?"

"தையல் மிஷினுக்கும் எண்ணெய்தானுங்க உசுரு."

பழனிமுத்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார். இரண்டு குழாயிலும் கறுப்பு ரிப் துணியில் தைத்த உறை மாட்டியிருந்தது. டி-சர்ட்டுக்குக் கழுத்து வைக்கிறோமே, அந்தத் துணிதான். தூசி படாமலிருக்கட்டும் என்று நம் ஊரில் பல வண்டிக்கு இப்படிப் போட்டிருப்பார்கள், யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை. எண்ணெய் ஒழுகினால் தரையில் ஒரு சொட்டாவது விழாதா என்று கேட்டார் அவர்.

சித்ராதேவி பையிலிருந்து நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்தாள். வலது பக்கத்தை அவள் தொடவே இல்லை. இடது உறையின் பின்பக்கம் விரலை விட்டு, தையலை ஒரே இழுப்பில் பிரித்தாள். உள்ளே நாலு மடிப்பாகச் சுற்றிய பனியன் துணி எண்ணெய் குடித்துச் சொதசொதவென்று இருந்தது.

பழனிமுத்து அந்தத் துணியை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, போகட்டும், எண்ணெய் ஒழுகாமல் அடைக்கிற ஆயில் சீலை மாற்றித் தருகிறேன் என்று இறங்கி வந்தார். அதுவே போதும் என்று அன்புசெல்விக்குத் தோன்றியது. சித்ராதேவி விடவில்லை.

"சீல மட்டும் மாத்துனா பத்து நாளைக்குத்தானுங்க. குழாய் மேல நகத்த வெச்சு இழுத்துப் பாருங்க, கோடு விழுந்திருக்குது. அது புது சீலையும் அறுத்துப் போடும். குழாயவே மாத்தோணும்."

"இத்தன வெவரம் உனக்கு ஆரு சொன்னா?"

"ஒரு மெக்கானிக் சொன்னாருங்க."

மரியாதை குறைந்துபோன அந்தக் குரலுக்கும் அவள் தலை தாழவில்லை. பழனிமுத்துவின் கோபத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. சோமனூர் புரோக்கர் கொண்டுவந்து விட்ட வண்டி இது, உறையோடு வந்தது, உறையோடு விற்றேன், நானும் ஏமாந்தவன்தான் என்றார். அழுத்திப் பார்த்து வாங்கியிருக்க வேண்டியது உங்கள் வேலை அல்லவா என்று அவள் கேட்டதும், அவருக்கு இன்னும் சுள்ளென்று ஏறிவிட்டது.

"ஒழுகறத மூடி மறைச்சு வித்த ஆளு நல்லவன், நான் கெட்டவனா? அந்த ஆளக் கொண்டாந்து என்ற முன்னால நிறுத்து. நிறுத்திட்டா இன்னிக்கே குழாய மாத்தித் தர்றேன். முடியுமா உன்னால?"

எவன் வந்து நான்தான் என்று ஒத்துக்கொள்ளப் போகிறான் என்ற தைரியத்தில் அவர் சிரித்தார். கடையில் நின்ற இரண்டு பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

அன்புசெல்வி சித்ராதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கக்கா, போயிரலாம். கூடப் பொறந்தவங்க கூட எனக்காக இப்படி வந்து நின்னதில்ல. எனக்கு அது போதும்."

சித்ராதேவி அந்தக் கையைத் தன் கையிலிருந்து மெல்ல விலக்கினாள். அன்புசெல்வியின் முகத்தைப் பார்க்காமல், பழனிமுத்துவை நேராகப் பார்த்தாள்.

"அந்த புரோக்கருக்கு வித்தது நான்தானுங்க. இப்ப குழாய மாத்துங்க."

உங்கள் வீட்டுப் படியிறங்கிப் போகிறவர்கள் எல்லாரும் பொழுதோடு நல்லபடியாகத் திரும்பி வரட்டும்.