கைப்பட்டை கேட்ட குரல்

“ஜூலை 8, 2061. வாசலில் நின்று குரலை மட்டும் கேட்டுவிட்டு, பூவிழி வீட்டில் எல்லாம் சரி என்று நேற்று எழுதியது என் தவறு” என்று குறித்தாள் தமயந்தி. மாலை வகுப்பில் சமூகப்பணி படிக்கும் அவள், பகலில் பள்ளிக்காக வீடுகளைப் பார்த்து வருபவள்.

தாய் பிள்ளையோடு பேசுவதை, பள்ளி பிள்ளையின் கையில் கட்டிவிட்ட கைப்பட்டை கேட்டுக் கணக்கெடுத்துக்கொண்டே இருக்கும். பேச்சு குறைந்தால் பிள்ளையை விடுதியில் சேர்த்துவிடுவார்கள். எந்த வீட்டிலும் சில நாள் குறையும்; பூவிழிக்கு ஒருநாள்கூடக் குறையவில்லை. அதுவே தமயந்தியை உறுத்த, இன்று சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

“சாப்பிட்டியா கண்ணு?” என்று குரலைக் கனமாக்கிக் கேட்டாள் ஏழு வயதுப் பூவிழி. “சாப்பிட்டேம்மா” என்று பதிலும் அவளே சொன்னாள்.

“உங்கம்மா எங்கடா?”

“தூங்குது. மெதுவாப் பேசுங்க மிஸ், பட்டைக்குக் கேட்டுடும்.”

உள்ளே கட்டில் காலியாக இருந்தது.

பூவிழியைத் தன் அறைக்கு அழைத்து வந்து சோறு போட்டபின், தமயந்தி கடைசி வரியை எழுதினாள்: “நாளை அந்தத் தெருவில், தாயைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று விசாரிக்க வேண்டும்.”