கிளி கொடுத்த வாக்கு

ஒன்றாம் வகுப்பில் வாயே திறக்காத சிட்டு, ஸ்மார்ட் போர்டில் வரும் கிளியிடம் மட்டும் லொடலொடவென்று பேசுவாள். அதனால் பள்ளி விட்டதும் அவளைக் கிளியோடு பேசவிட்டு டீச்சர் வெளியே போய்விடுவார்.

"டீச்சர்கிட்ட மட்டும் ஏன் பேச மாட்டேங்குற?" என்று கேட்டது கிளி.

"நான் யோசிச்சு வாயைத் திறக்குறதுக்குள்ள அவங்க அடுத்த பிள்ளைகிட்ட போயிடுறாங்க. நீதான் காத்திருக்க."

கிளி இறக்கையை ஒருமுறை அசைத்துவிட்டுச் சொன்னது:

"நாளைக்குப் பேசிப் பாரு. கண்டிப்பா காத்திருப்பாங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அதுக்கு நான் பொறுப்பு."

"சரி, பேசுறேன். ஆனா நான் குறை சொன்னதை அவங்ககிட்ட போட்டுக் கொடுத்துடாத."

"மூச்சு விட மாட்டேன்" என்றது கிளி.

பக்கத்து அறையில் கிளிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த டீச்சர், மைக்கை அணைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.