தாலி ஏறட்டும்

"எனக்கு இந்தத் தாலி வேணாம்" என்று கூறைப்புடவையோடு மணமகள் அறையில் உட்கார்ந்துவிட்டாள் கயல்விழி. முகூர்த்தத்துக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது.

காரணம் மாப்பிள்ளை அன்பரசன். 'இனிமேல் தொடுவதில்லை' என்று போன வாரம்தான் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். அதை நம்பித்தான் கயல்விழி இந்தக் கல்யாணத்துக்கே சம்மதித்தாள்.

இன்று காலையிலேயே மண்டபத்து ஜெனரேட்டருக்குப் பின்னால் நண்பர்களோடு ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். வந்தவர் சும்மா இருந்தாரா? "வாசிக்கிறியா, அழுவுறியா?" என்று நாதஸ்வரக்காரரைச் சபையில் வைத்துக் கேட்டார். சரக்கு உள்ளே போய்விட்டால் அம்மாப்பேட்டை ஊரே தனக்கு வேலைக்காரன் என்று நினைக்கிற ரகம்.

யாராவது வெட்கப்பட்டார்களா? முகத்தைக் கழுவி, வாயில் நாலு ஏலக்காயைத் திணித்து, மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். இந்த வீட்டில் எல்லாம் அவருக்காகத்தான். தேதியைக்கூட அவர் நட்சத்திரத்துக்குத்தான் பார்த்தார்கள். பெண்ணின் நட்சத்திரத்தை ஒருத்தரும் கேட்கவில்லை.

சமாதானத்துக்கு மாப்பிள்ளையின் அக்கா பொன்னுத்தாய் வந்தாள்.

"அவன் தங்கமான புள்ள கயலு. அது உள்ள போனாத்தான் வாய் நீளுது."

"அது உள்ள போகாத நாள் எதுன்னு சொல்லுங்க அண்ணி."

"சிநேகிதப் பசங்க ஊத்திக் குடுத்துட்டானுங்க. அவன் என்ன பண்ணுவான்?"

"வாயத் தொறந்து விட்டதும் அவங்கதானா?"

பொன்னுத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முந்நூறு பேரு உக்காந்திருக்காங்க. குடும்ப மானம் போயிடும்."

"அது ஜெனரேட்டருக்குப் பின்னால போனப்பவே போயிடுச்சு அண்ணி."

"பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ!" என்று மேடையிலிருந்து ஐயர் குரல் கொடுத்தார். பொன்னுத்தாய் அவசரமாகக் கடைசி ஆயுதத்தை எடுத்தாள்.

"தாலி மட்டும் ஏறட்டும். நாளைக்கே பொறுப்பு வந்து வேற ஆளா மாறிடுவான். நான் கேரண்டி!"

கயல்விழி மாலையைக் கழற்றி அவள் மடியில் வைத்தாள். அழுவாள் என்று பார்த்தால், சிரித்தாள்.

"மொதத் தாலிக்கு வராத பொறுப்பு, அறுபதாங் கல்யாணத்துலயா வரப் போவுது?"