குண்டூசியில் நிற்கும் எழுத்துகள்

கட்சி அலுவலக மேஜையில் ஊர்வலப் பதாகைக்கான சிவப்புத் துணி விரிந்து கிடக்கிறது. வெள்ளை எழுத்துகளை அதில் குண்டூசியால் குத்தித்தான் வைத்திருக்கிறாள் தையல்காரி; தைக்கவில்லை. உள்ளறையில் தீர்மானம் நிறைவேறாமல் ஊசியில் நூல் கோக்கக் கூடாதென்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. எங்கோ கடலுக்கு அப்பால் நடக்கும் போருக்கு யாரைக் கண்டிப்பது என்று காலையிலிருந்து உள்ளே தொண்டை கிழிகிறது. படையெடுத்தவனை மட்டும் என்கிறான் அவள் புருஷன். ஆயுதம் கொடுத்துத் தூண்டிவிட்டவனையும் சேர்த்துத்தான் என்கிறான் அவள் தம்பி. போன போரின்போது இதே வாக்குவாதத்தில் கட்சி இரண்டாக உடைந்தது. மறுபடி ஒன்றாகும்வரை தம்பி அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சாய்ந்த வெயிலில் ஜன்னல் கம்பிகளின் நிழல் துணியின் குறுக்கே நீள்கிறது. உள்ளே திடீரென்று சத்தம் அடங்குகிறது. உதட்டில் கவ்விய ஊசிகளோடு அவள் அசையாமல் நிற்கிறாள். கதவு திறக்கிறது. தம்பி வருகிறான், பின்னாலேயே புருஷன், ஒரே தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்தபடி. வாயைத் திறக்க முடியாமல் அவள் புருவத்தை உயர்த்துகிறாள். “ரெண்டு பேரையும் கண்டிக்கிறோம்க்கா. மாமா சொன்னது மேல் வரி, நான் சொன்னது கீழ் வரி.” “கீழ் வரின்னு எழுத்தைச் சின்னதாக்கிடாதே, அப்புறம் உன் தம்பி அதுக்கொரு திருத்தம் கொண்டுவருவான்,” என்கிறான் புருஷன். தம்பி சிரித்துவிடுகிறான். அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போடுகிறாள், மூச்சை விடுகிறாள், நூல் கோக்கிறாள். “ஆளுக்கொரு முனையைப் பிடிங்க. நல்லா இழுத்தே பிடிங்க, கிழியாது.”